அமாவாசைச் சோறு

தமயந்தி குளித்துவிட்டு வந்து அடுப்பைத் திருகினாள். எரியவில்லை.

"நேற்றைய சாம்பார் சாதம் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது. அது தீர்ந்தால்தான் அடுப்பு எரியும்" என்றது, சோறு வீணாகாமல் பார்த்துக்கொள்ள அடுப்போடு இணைத்திருந்த சமையலறைக் கருவியின் குரல்.

இன்று அமாவாசை. செத்துப்போன மாமியாருக்குப் புதிதாய்ச் சமைத்துப் படைத்து, அதில் காக்கை வாய் வைக்கும்வரை வீட்டில் யாருக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. கிண்ணத்துச் சோற்றை யார் தின்பது? குப்பைத்தொட்டியோ, சோறென்றால் மூடியே திறக்காது.

"பக்கத்து வீட்டுல குடுத்துப் பாரேன்" என்றான் கணவன் கதிரேசன்.

"அவங்களும் விரதங்க. இந்த பிளாக் முழுக்க இதே கூத்துதான்."

மணி பன்னிரண்டு. பால்கனிக் கம்பியில் காக்கை கரைந்தது. தமயந்தி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அம்மாவுக்குப் பழசையா வைக்கிற?"

"உங்கம்மா என்னிக்குங்க புதுசு சாப்பிட்டாங்க? நாம தின்ன மிச்சத்தை வழிச்சுத்தானே சாப்பிட்டாங்க! இது படையல் இல்ல. இது தீர்ந்தா அடுப்பு எரியும், அவ்வளவுதான்."

காக்கை மிச்சம் வைக்காமல் தின்றது. காலிக் கிண்ணத்தைக் காட்டியதும் அடுப்பு எரிந்தது. அவசர அவசரமாகச் சோறும் பருப்பும் வடையும் செய்து, இலையில் பரிமாறிப் பால்கனியில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டாள்.

வயிறு நிறைந்த காக்கை சாயங்காலம்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பட்டினியோடு இலையை உள்ளே எடுத்து வந்தாள்.

"ஒரு இலைச் சாப்பாடு மிச்சம் இருக்கிறது" என்றது குரல்.