வாய்க்கால் பாலம் தாண்டாத வண்டி

“இன்னைக்கும் வண்டி நின்னுபோச்சுங்கப்பா.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான் கந்தவேல். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அப்பா செங்கோடன் நிமிரவில்லை.

“எங்கே?”

“அந்த வாய்க்கால் பாலத்துக்கிட்டதானுங்க.”

“போன வாரமும் அங்கதான நின்னுச்சு?”

“ஆமாங்க.”

“வர்ற சந்தைக்கு நானும் வண்டியில வாரேன். என்னதான் நடக்குதுன்னு பாத்துப்போடலாம்.”



இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய வருஷம் அது. பரமத்தி வேலூர் வட்டாரத்துக்கே அப்போது மோட்டார் சைக்கிள் அந்த ஒன்றுதான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது செங்கோடனுக்குக் கைமாற்றிவிட்டுப் போனது. அது வரும் சத்தம் கேட்டால் மாடுகள் மிரளும், பிள்ளைகள் கூடவே ஓடும், பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். இப்போது வாசலுக்கு வாசல் நிற்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாளின் அழகே தனி!

பாலத்தை ஒட்டித்தான் கந்தவேலின் அக்கா நல்லம்மாளைக் கட்டிக்கொடுத்த வீடு. வாய்க்கால் தண்ணீர் முறையில் சம்பந்திகளுக்குள் தகராறு வந்து, “இனி அந்த ஊட்டு வாசலை நானும் மிதிக்கமாட்டேன், எம்பட ஆளுக யாரும் மிதிக்கப்படாது” என்று குலசாமி பேரில் சத்தியம் செய்துவிட்டார் செங்கோடன். அதற்குப் பிறகு பிறந்த பேத்தியின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கெட்டு வழியில் நின்றவன் யார் வீட்டில் வேண்டுமானாலும் போய்த் தண்ணீர் கேட்கலாம். பகையாளி வீடானாலும் சரி, அது உறவாடப் போன கணக்கில் சேராது. கந்தவேலும் மோர் குடித்து, அக்கா மகளைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் வண்டியை மறுபடி கிளப்புவான்.

இப்போது அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அங்கே நின்றால்? அக்கா மோர்ச்செம்போடு ஓடிவருவாள். பிள்ளை ‘மாமா’ என்று தாவும். குட்டு வெளிப்பட்டுவிடும். இருக்கிற அந்த ஒரு வழியும் அடைபட்டுப்போகும்.

வண்டியை ரஹமத்துல்லா ராவுத்தர் பட்டறைக்குக் கொண்டுபோனான். அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் அவர்.

“ராவுத்தரே, இன்னைக்கே சரி பண்ணிக் குடுத்துருங்க.”

“அதிசயமா இருக்கே! சுவிட்சைக் கழட்டிப் பாக்கறேன்னு நான் எத்தனை தடவை கேட்டேன். வேண்டாம் வேண்டாம்னீங்களே தம்பி?”

“இப்ப வேணுங்க. சந்தைக்கு அப்பாவும் வர்றாருங்க.”

ராவுத்தர் வண்டியை நிழலுக்குத் தள்ளினார். உதைத்துக் கிளப்பினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாவி செருகியிருந்த முன்விளக்கின் மேல் ஒரு தட்டு தட்டினார். என்ஜின் பொட்டென்று அடங்கியது. சாவியை லேசாக ஆட்டிவிட்டு மறுபடி உதைத்தார். உயிர் வந்தது.

“பெட்ரோல்ல குத்தமில்ல, பிளக்குலயும் இல்ல. சாவி போடுற எடத்துலதான்.”

சுவிட்சைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே பித்தளைத் தகடு கரி பிடித்துக் கறுத்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கவேண்டிய ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது.

“பாருங்க. சமதரையில தொட்டுக்கிட்டு இருக்கும். பாலத்து மேட்டுல தூக்கிப் போட்டா விட்டுரும். கரண்டு போகாது, வண்டி நின்னுரும்.”

உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தார். வேறு ஸ்பிரிங் போட்டு மூடினார். வண்டியைக் கிளப்பி, விளக்கின் மேல் ஓங்கி ஒரு அடி. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இனி மலையில இருந்து உருட்டிவிட்டாலும் நிக்காது தம்பி.”

கந்தவேலுக்கு நிம்மதியும் துக்கமும் சேர்ந்தே வந்தன. அப்பாவிடம் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இனிமேல் அக்காவைப் பார்ப்பது எப்படி? தானே சாவியை அணைத்துவிட்டுக் கெட்டுவிட்டது என்று சொல்ல அவனுக்கு மனசு வராது. குலசாமி சத்தியம் ஆயிற்றே!

சந்தை நாளன்று செங்கோடன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். 

பாலம் வந்தது. வண்டி தூக்கிப் போட்டது. என்ஜின் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

வாசலில் அக்கா மோர்ச்செம்போடு நின்றாள். இடுப்பில் இருந்த பிள்ளை கையை நீட்டித் துள்ளியது. கந்தவேல் பார்க்காதவன் மாதிரி நேராக ஓட்டினான். கண் கலங்கிப் பாதையே சரியாகத் தெரியவில்லை.

தோளில் பலமாக ஒரு அடி விழுந்தது.

“நிறுத்துடா!”

போச்சு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே நிறுத்தினான். என்ஜின் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது.

செங்கோடன் இறங்கினார். வேட்டி மடியை அவிழ்த்தார். உள்ளே புத்தம் புதுசாக ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, குழந்தைக் கால் அளவில்.

“இத்தன நாளா நின்ன வண்டி, நான் ஏறுன அன்னைக்குத்தான் ஓடோணுமா? சாவியை அணைச்சுப்போட்டு ஊட்டுக்கு முன்னால தள்ளுடா, கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்!”