எழுபதில் நின்ற பாட்டு

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராமசெல்வி வாசலில் நின்றபோதும் கணவன் வரதன் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சீடியைப் பனியன் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எண்ணூருக்குப் போறேன், தம்பி வூட்டுக்கு. இனிமே வரமாட்டேன்," என்றாள்.

அவன் சீடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஊதினான். மறுபடி துடைத்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, உள்ளே அப்படித்தான் இருந்தது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான்.

திருவொற்றியூர் பாய்லர் பட்டறையில் நாள் முழுக்கத் தகடு அடித்துவிட்டு வந்தாலும், முன்பெல்லாம் தட்டில் சோறு ஆறிப்போகிற அளவுக்குப் பேசுகிறவன் வரதன். இப்போது அடுப்படியிலிருந்து அவள் எது கேட்டாலும் பதில் இல்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்தவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் படுத்திருந்தவன் அசையவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

வீட்டிலிருக்கும் பாட்டு சீடிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் என்று அவன் உட்கார்ந்த பிறகு இன்னும் மோசம். ஒவ்வொரு பாட்டு ஏறியதும் அவளைக் கூப்பிடுவான். "செல்வி, இத்த கேட்டு சொல்லு, நல்லா கீதா?" பதில் வரும்வரை அவள் முகத்தையே பார்ப்பான். அவள் தலையாட்டியதும் திரும்பிக்கொள்வான். அவளிடம் அவனுக்கு மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவள் தம்பி வேம்பு வந்தான்.

"இன்னாக்கா, சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"மாமா இன்னா சொல்லுச்சி?"

"சீடி தொடைக்குது."

வேம்புவுக்குச் சுருக்கென்றது. "மாமு! அக்கா வூட்ட வுட்டே போவுது, நீ இன்னாமோ பாத்திரம் வெளக்கிகினு கீற?"

முதுகு அசையவில்லை. "கல்லு கணக்கா குந்திகினு கீது பாரு," என்று முனகியபடி வேம்பு எதிரே போய், மானிட்டர் மேல் கையை ஊன்றி நின்றான்.

வரதன் நிமிர்ந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "வா மச்சான், எப்போ வந்த? இந்தப் பாட்ட பாரேன், எழுபது பர்சன்ட்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குது."

தம்பியிடம் மட்டும் வாய் வருகிறது என்று ராமசெல்வி நினைத்துக்கொண்டாள். அதுகூட வலிக்கவில்லை.

வேம்பு ஆட்டோ ஓட்டுவதற்கு முன்னால் பாரிமுனையில் சீடி கடையில் வேலை பார்த்தவன். சண்டை போட வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"இன்னா மாமு, வட்டமா தேய்க்கிற? நடுவுலேந்து வெளிய நேரா தொடை. வட்டமா தேச்சா கீறல் ஜாஸ்தியாவும்."

"தொடச்சிட்டேன்டா."

"ஸ்பீடு கொறச்சி போட்டியா?"

"போட்டேன். அப்பவும் எழுபதுலதான் நிக்குது."

"அப்போ படிக்க முடியாத எடத்த வுட்டுட்டு மேல போன்னு சொல்லு. தோ, இந்தக் கட்டத்துல டிக்கு போடு."

திரையில் பாட்டு ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு எழுபதைத் தாண்டியது. ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொட்டது. வரதன் கைதட்டினான்.

"செல்வி, உனுக்குப் புடிச்ச பாட்டு!" என்று திரையைப் பார்த்தபடியே கூவினான். "உன் போன்ல ஏத்தித் தரத்தான் இவ்ளோ பேஜாரு. கேளு, கேளு."

பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் பாடகியின் குரல் ஒரே எழுத்தில் சிக்கி, டக் டக் டக்கென்று அதையே கக்க ஆரம்பித்தது. அப்புறம் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிரீச், நிற்காமல்.

வேம்பு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "யார்றா அது, நிறுத்துங்கடா!" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

வரதன் நிறுத்தவில்லை. திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு, தொடையில் மெதுவாகத் தாளம் போட்டான். பிறகு சிரித்த முகத்தோடு மனைவி பக்கம் திரும்பினான்.

"நல்லா வந்துகீதில்ல?" என்றவன், அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தான். "இன்னா செல்வி, பையோட நிக்கிற? எங்க கெளம்பிட்ட?"

ஸ்பீக்கரை அணைத்தது வேம்புதான். ராமசெல்வி கிட்டே போனாள். இரண்டு கையாலும் கணவன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகக் கேட்டாள்.

"கடைசியா எப்போய்யா என் கொரல கேட்ட?"