பாலம் மேலே இருந்தபோது

சைரன் கேட்டபோது அவள் கை விசைப்பிடியின் மேல் இருந்தது.

பாலம் முழுக்கத் தூக்கி நின்றது.

சாலையின் இரண்டு பாதிகளும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. நடுவில் முகத்துவாரத்துத் தண்ணீர். கடலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது.

பிற்பகல் நாலேகால். காற்று கேபின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் கரை திரும்பிய விசைப்படகுகளில் எட்டு உள்ளே போய்விட்டன.

இன்னும் மூன்று.

வாக்கி டாக்கியில் தென்பக்க கேட்டிலிருந்து துரைப்பாண்டி கத்தினான்.

"ஜெசிந்தாக்கா, ஆம்புலன்ஸ் வந்துட்டு. உப்பளத்துப் பொம்பள. கட்டுவிரியன் கடிச்சிட்டாம். கண்ணு சொருகுதுக்கா."

ஆஸ்பத்திரி வடக்கே. பாலத்தைத் தாண்டி நாலு கிலோமீட்டர்.

அவள் கடல் பக்கம் பார்த்தாள்.

முதல் படகு இரண்டாவதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இரண்டாவதில் இன்ஜின் செத்திருந்தது. அதன் தளத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்க முடியாத ஆட்டம். மூன்றாவது படகு பின்னால், கொஞ்சம் தள்ளி.

மூன்றுமே வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டன. இந்த ஓட்டத்தில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

பாலம் இறங்க ஆறு நிமிடம் ஆகும். முதல் படகு மூன்று நிமிடத்தில் வந்துவிடும்.

பாதி இறங்கிய பாலத்தில் படகின் கம்பம் இடிக்கும். படகு குறுக்கே திரும்பித் தூணில் அடிக்கும். கயிற்றின் மறுமுனையில் இருப்பதும் வந்து அதன்மேல் மோதும்.

தொலைபேசி அடித்தது. உதவிப் பொறியாளர்.

"உடனே மூடுங்கம்மா. ஆம்புலன்ஸ நிறுத்தி வெச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"வாய்க்கால்ல மூணு படகு இருக்கு சார்."

"நான் சொல்றேன், மூடுங்க."

"மூட முடியாது சார்."

ரிசீவரை வைத்தாள். மேசைமேல் இருந்த ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதினாள்.

கீழே கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கேபினை நோக்கிக் கும்பிட்டான். கைலியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. புருஷனாக இருக்க வேண்டும். அவன் பின்னால் பேருந்துகள், லாரிகள், எல்லாம் சேர்ந்து ஹாரன்.

கும்பிட்ட கைகளை அவன் இறக்கவில்லை.

அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. வாய்க்காலின் உள் பக்கம் திரும்பினாள்.

ஐஸ் பிளாண்ட் ஓரமாக ஒரு ஃபைபர் படகு கட்டிக் கிடந்தது. ரெமிஜியுஸ் அதில் வலையை மூடிக்கொண்டிருந்தான்.

அவள் ஒலிபெருக்கி மைக்கை எடுத்தாள்.

"ரெமிஜியுஸ், படகெடுத்துட்டு தெக்குத் தூண் படிக்கு வா. பாம்பு கடிச்ச பொம்பளய அக்கரைக்குக் கொண்டு போணும்."

அவன் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தான். பிறகு கயிற்றை அவிழ்க்காமல் கத்தியால் அறுத்தான்.

"துரை, ஸ்ட்ரெச்சர படி வழியா இறக்கு. பஸ்ஸுல இருக்கற ஆம்பளைங்களக் கூப்பிடு."

அக்கரையில் வண்டி வேண்டும். வடபக்கத்திலும் வண்டி வரிசை. முன்னால் நிற்பவற்றால் திரும்ப முடியாது.

வடக்கு கேட்டில் சாகுல் நின்றார்.

"சாகுல் பாய், வரிசைல கடைசி வண்டி எது? அதத் திருப்பி, ரோட்டோரமா ரிவர்ஸ்ல படித்துறைக்குக் கொண்டு வாங்க."

கடைசியில் நின்றது ஒரு பந்தல்காரரின் வேன். சாகுல் ஓடியது மேலிருந்து தெரிந்தது. வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலையோரம் வந்து விழுந்தன. ஒன்று, நாலு, பத்து.

முதல் படகு பாலத்துக்குள் நுழைந்தது.

கயிறு இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது.

இரண்டாவது படகு தூணை நோக்கி ஒதுங்கியது. ஆறு பேரும் மூங்கில்களை நீட்டித் தூணில் ஊன்றித் தள்ளினார்கள். ஒரு மூங்கில் முறிந்த சத்தம் கேபின் வரைக்கும் கேட்டது.

படகு தாண்டிவிட்டது.

தெற்குப் படிகளில் ஸ்ட்ரெச்சர் இறங்கியது. ஆம்புலன்ஸ் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆறேழு பேர் தூக்கினார்கள். புருஷன் படகில் குதித்து விழுந்து எழுந்தான்.

மூன்றாவது படகு பாலத்துக்கு இன்னும் முந்நூறு அடி தள்ளி வந்துகொண்டிருந்தது.

"இப்பப் போ, ரெமிஜியுஸ்!"

ஃபைபர் படகு ஓட்டத்துக்குக் குறுக்கே பாய்ந்தது. ஓட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளியது. அவன் மூக்கைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தான். நடுவாய்க்காலில் இன்ஜின் ஒருமுறை இருமியது.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. வடக்குப் படியில் பத்துக் கைகள் படகைப் பிடித்தன. அதற்குப் பின்னால் மூன்றாவது படகு விர்ரென்று கடந்து போனது.

வேன் கிளம்பியது. நர்ஸ் பாட்டிலோடு உள்ளே ஏறிவிட்டாள்.

பாலத்தை இறக்கினாள். ஆறு நிமிடம். ஹாரன்கள் அதுவரைக்கும் ஓயவில்லை. முதலில் போனது காலி ஆம்புலன்ஸ். நர்ஸைக் கூட்டி வர.

ஐந்தரைக்குத் துரைப்பாண்டி படியேறி வந்தான். அவன் சட்டையில் ஒரு கை கிழிந்து தொங்கியது.

"ஊசி போட்டாச்சாம்க்கா. மூச்சு சீரா இருக்காம். அவ பொழச்சிக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் போனபிறகு தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டாள்.

தொலைபேசி வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தாள்.

"கேள்விப்பட்டேம்மா. நல்லா சமாளிச்சிட்டீங்க." பொறியாளரின் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு மட்டும். நான் மூடச் சொன்னத ரிஜிஸ்டர்ல எழுத வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ரிஜிஸ்டர் மேசைமேல் திறந்து கிடந்தது.

*நாலு பதினெட்டு. மூடச் சொல்லி உத்தரவு. நான் மூடவில்லை.*

மை காய்ந்திருந்தது.

"எழுதிட்டேன் சார்" என்றாள்.