பூ வேண்டாம்

“மழைக்கோட்டு வித்தே பங்களா கட்டின மனுஷனை, வார்னிஷ் கூட அடிக்காத பலகைப் பெட்டியில வச்சா புதைப்பாங்க?”

மான்செஸ்டர் யூத இடுகாட்டு வாசல்ல, பக்கத்து வீட்டுக் கிழவி மிஸஸ் ஆர்மராட் யார்கிட்டயோ முணுமுணுத்தது திர்ஸா காதுல நல்லாவே விழுந்துச்சு. அப்பா மேல தள்ளின மண்ணு இன்னும் அவ ஷூவுல ஈரமா ஒட்டியிருந்துச்சு.

கிழவி கை நிறைய வெள்ளைப் பூ.

“இதையாவது அவர் மேல வைக்கட்டுமா கண்ணு?”

“எங்க வழக்கத்துல பூ கிடையாது.”

“பூ கூடவா? ஆமா, செத்த பிறகு ஒண்ணுமே இல்லைங்கிறதுதானே உங்க நம்பிக்கை. அதான் செலவு பண்றதில்லையாக்கும்...”

“யாரு சொன்னா உங்களுக்கு?” திர்ஸா வெடிச்சா. “அடுத்த உலகம் எங்களுக்கும் இருக்கு. அங்க பெட்டியைப் பார்த்துக் கதவு திறக்க மாட்டாங்க. கோடீஸ்வரனுக்கும் இதே பெட்டிதான், ஒண்ணுமில்லாதவனுக்கும் இதேதான். இல்லாதவன் சாவுலயாவது தலை குனியக் கூடாதுன்னுதான். பூ நாளைக்கே வாடிடும். நாங்க பார்க்க வந்தா கல்லு வைப்போம். ‘உன்னை மறக்கலை, வந்துட்டுப் போனேன்’னு அர்த்தம். புரியுதா? குப்பைத் தொட்டி அதோ, வாசல்லயே இருக்கு!”

கிழவி பூவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மழையில நடந்து போயிட்டா.

அந்த வருஷம் முழுக்க திர்ஸாவுக்குக் கால்ல சக்கரம். லண்டன், லீட்ஸ், கிளாஸ்கோன்னு எந்தக் கல்லூரி பேசக் கூப்பிட்டாலும் ஓடினா. யூதர்களோட நம்பிக்கையைப் பத்தி ஊர் என்னென்ன தப்பா நினைக்குதுன்னு பேச்சு. அப்பாவோட பலகைப் பெட்டியைச் சொல்லி அழ வைப்பா. அப்புறம் மிஸஸ் ஆர்மராட் மாதிரியே பேசிக் காட்டுவா. அரங்கமே சிரிக்கும்.

வருஷம் திரும்பற நேரம், அப்பா பேரு செதுக்கின கல்லைத் திறக்கிற நாள். அடக்கத்துக்கு அப்புறம் திர்ஸா அன்னைக்குத்தான் அங்க வந்தா. சொந்தபந்தம் இன்னும் வந்து சேரலை. புதுக்கல்லு மேல துணி போர்த்தியிருந்துச்சு.

காவல்காரர் லேஸர் ஒரு வாளியைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்தார்.

“இந்தாம்மா, உங்கப்பா மேட்டுல இருந்ததெல்லாம். கல்லு நட வந்தவன் அள்ளிக் கொட்டப் பார்த்தான், நான்தான் விடலை.”

வாளி நிறைய கூழாங்கல். ஒவ்வொண்ணும் கழுவித் துடைச்ச மாதிரி வழவழன்னு.

“யாரு வச்சது?”

“உங்களுக்குத் தெரியாதா? பக்கத்து வீடுன்னு சொன்னாங்களே, குடை பிடிச்சிக்கிட்டு ஒரு வயசான அம்மா. சனிக்கிழமை நம்ம ஓய்வு நாள், இடுகாடு பூட்டியிருக்கும்னு தெரியாம, முதல்ல கேட்டுலயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. அப்புறம் ஞாயிறு தவறினதே இல்லை. ‘நான் யூதர் இல்லையே, நான் வச்சா அவருக்குப் போய்ச் சேருமா’ன்னு கேட்டாங்க. சேரும்மான்னேன்.”

திர்ஸா வாளிக்குள்ள கை விட்டு ஒரு கல்லை எடுத்தா.

“எப்ப வந்தாலும் ரெண்டு கல்லு வைப்பாங்க. ஏம்மா ரெண்டுன்னு ஒரு நாள் கேட்டேன். ‘ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அவர் பொண்ணோடது. அவளுக்கு ஊர் ஊராப் போற வேலை, பாவம், வர முடியலை’ன்னாங்க.”