டமாரம் என்று சொல்லாதீர்கள்

"இன்னொரு தடவை யாராவது என்னை 'டமாரம்'னு கூப்பிட்டா, நான் உயிரோட இருக்க மாட்டேன் சார்!"

பத்திரிகை ஆசிரியரின் மேஜைக்கு முன்னால் ஒரு பி.ஆர்.ஓ. குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நடிகரோ நகைக்கடையோ, காசு கொடுத்தவர்களின் புகழைப் பத்திரிகையில் வரவழைப்பது அவர் தொழில்.

இந்த ரக ஆட்களைக் கண்டாலே ஆசிரியருக்கு ஆகாது. ஒரு பி.ஆர்.ஓ.வின் பேரோ படமோ தன் பத்திரிகையில் இதுவரை வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. ஆனாலும் எதிரே ஒரு மனுஷன் அழுதால் மனசு கேட்க வேண்டுமே!

"யாருய்யா அப்படிக் கூப்பிடறது?"

"உங்க நிருபருங்கதான் சார். என்னைப் பார்த்தா 'டமாரம் வருது, ஓடு'ங்கறாங்க. ஏதாவது செய்தி குடுத்தா 'எந்த டமாரம் அடிச்சது இது?'ங்கறாங்க. மாமியார் வீட்டுக்குப் போனா வாண்டுங்ககூட 'டமாரம் மாமா'ன்னு கத்துதுங்க."

பக்கத்தில் நின்ற உதவி ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "நான் கேள்விப்பட்டதே இல்லையே சார்."

"உங்களை மாதிரி பெரியவங்க முன்னாடி சொல்வாங்களா?" என்று மூக்கைச் சிந்தினார் பி.ஆர்.ஓ.

தன் ஆட்களின் லட்சணம் இதுவா என்று ஆசிரியருக்கு வெட்கமாகப் போயிற்று. உதவி ஆசிரியரிடம் விடாமல் தானே உட்கார்ந்து எழுதினார்.

'டமாரம்: விளம்பரத் தொடர்பாளர்களைக் கேலி செய்யும் சொல். கூலி கொடுத்தவர் புகழை ஊரெங்கும் அடித்துச் சொல்பவர் என்று பொருள். நாகரிகம் தெரிந்தவர்கள் இனி இதைப் புழங்க வேண்டாம். எங்கள் நிருபர்களுக்காக நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்.'

மறுநாள் முதல் பக்கத்தில் அது வந்தது. கூடவே, கலங்கிய கண்களோடு பி.ஆர்.ஓ.வின் பெரிய படம்.

சாயங்காலமே நன்றி சொல்ல வந்துவிட்டார் மனிதர். புதுச் சட்டை, முகமெல்லாம் பல். கையிலிருந்த இரண்டு போன்களும் மாறி மாறி அலறின.

"காலைலேருந்து ஓயல சார். முன்னபின்ன தெரியாதவங்கல்லாம் வேலை குடுக்கறாங்க. 'அந்த டமாரம் நீங்கதானே?'ன்னு கேட்டுக் கேட்டுக் கூப்பிடறாங்க."

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. "நான் அவ்வளவு எழுதியும் இன்னுமா அப்படிக் கூப்பிடறாங்க?"

"இன்னிக்குத்தான் சார் முதல் தடவையா கூப்பிடறாங்க."