ஆறாவது கம்ப்யூட்டர்

"பதினெட்டாயிரத்து அறுநூறு சார். ஆனா அது நான் குடுக்கவேண்டிய கடன் இல்ல, எனக்கு வரவேண்டியது."

கடன் ஏதாவது உண்டா என்று மேனேஜர் குடைந்து கேட்டதற்குப் பில் போடுகிறவள் சொன்ன பதில் இது. பார்சல் கிடங்கில் எல்லாரும் அறிந்த கணக்குதான். வாசலில் லாரி வந்து நின்றால் போதும், தலையைத் தூக்கிப் பார்ப்பாள். "உன் கடன்காரன் வந்துட்டான், ஓடிவா!" என்று சுமை இறக்குகிறவர்கள் கத்துவார்கள். "வரட்டும், சட்டையைப் பிடிச்சு வாங்கறேன்" என்பாள். இறங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். எட்டு வருஷமாக இதே பாட்டு.

இன்று யாரும் கேலி செய்யவில்லை. கிடங்கின் ஆறு கம்ப்யூட்டர்களில் ஐந்தில் திருட்டு புரோகிராம் புகுந்திருந்தது. அவளுடையதில் மட்டும் இல்லை.

"தெருவுல ஆறு வீடு. அஞ்சு வீட்ல திருடன் பூந்துட்டு ஒரு வீட்டை மட்டும் விட்டுட்டுப் போனா, யாரைம்மா சந்தேகப்படுவாங்க?" மேனேஜர் மேசையைத் தட்டினார். "அந்தத் திருட்டு புரோகிராம் வந்த மெயிலை நீயும்தானே தொறந்த?"

"எல்லாரும் தொறந்தாங்க, நானும் தொறந்தேன் சார்."

"அப்ப உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல? நாளைக்கு வேலைக்கு வரணும்னா உண்மையைச் சொல்லிடு."

அவள் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் இந்த நாற்காலியில்தான் ஓடுகின்றன.

மேனேஜரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். வைரஸ்களைப் பிரித்து மேய்வதுதான் அவள் பிழைப்பு. "அவங்களைத் திட்டாதீங்க சார். இது ஒரு பெரிய குடும்பம்."

"குடும்பமா? புள்ளகுட்டியெல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஒரே ஆளு எழுதின ஏழெட்டு புரோகிராம் பாத்துட்டேன். பில் மாதிரி மெயில்ல வரும். தொறந்தா, சத்தமில்லாம ஒரு பின்கதவைப் போட்டு வெச்சிடும். அதுக்கப்புறம் இதுல நாம தட்டுற ஒவ்வொரு எழுத்தும் அந்த ஆளுக்குப் போயிடும். இப்பவும் போய்க்கிட்டுதான் இருக்கு."

"இவளை மட்டும் எதுக்கு விட்டுச்சாம்?"

"நுழையறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரோட பேரைப் பாக்குது. ஒரு குறிப்பிட்ட பேரு இருந்தா மட்டும், எதையும் தொடாம தன்னையே அழிச்சுக்குது. அத்தனை புரோகிராம்லயும் இந்த வரி இருக்கு. இப்படி ஒரு பேரை எவன் கம்ப்யூட்டருக்கு வைப்பான்னு நானே சிரிச்சிருக்கேன்." அவள் திரும்பிப் பார்த்தாள். "சில்வண்டு."

பில் போடுகிறவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கவங்க கம்ப்யூட்டருக்கு ஒரு பேரு வைக்கச் சொன்னீங்களே சார், நான் வெச்சதுதான். வாய் ஓயாதுன்னு சின்ன வயசுல என்னை அப்படித்தான் கூப்பிடறது. என் தட்டு, குடை, பை எல்லாத்துலயும் அதைத்தான் எழுதி வெப்பேன்."

"யாரு கூப்பிடறது?"

"இப்ப யாரும் கூப்பிடறதில்ல சார்."

"இவங்க மேல தப்பு இல்ல சார்" என்றாள் வந்தவள். "இதை எழுதினவன் வேற."

மேனேஜர் முணுமுணுத்தபடி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட வெளியே போனார். அறையில் இருவரும் மட்டும்தான்.

"இந்த அஞ்சு கம்ப்யூட்டருக்கும் வயரைப் பிடுங்கணும். பிடுங்கிட்டா அப்புறம் அவனுக்கு இங்கிருந்து எதுவும் போகாது." வந்தவள் எழுந்தாள். கொஞ்சம் தயங்கினாள். "டீ குடிச்சிட்டு வந்து பிடுங்கறேன்க்கா."

கதவு சாத்திக்கொண்டது.

பில் போடுகிறவள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாள் முழுக்கப் பில் அடித்துக் காய்த்த விரல்கள், இன்று எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டின.

"அண்ணா, கம்ப்யூட்டர் வாங்கணும்னு நீ எடுத்துட்டு ஓடின பதினெட்டாயிரத்து அறுநூறையும் தள்ளுபடி பண்ணிட்டேன். அம்மா இன்னும் வாசக்கதவைத் தாழ் போடாமத்தான் தூங்கறாங்க, வந்துடு."