மெல்ல இறங்கிய துளைமுனை

பனிமூட்டத்தில் எல்லாமே மிதப்பதுபோல் இருந்தது. துளையிடும் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் காதை வைத்து, கண்மூடி நின்றாள் அந்த எஞ்சினியர். எண்ணெய்க் கிணறுகளுக்காக அவள் ஆராய்ந்து உருவாக்கிய துளைமுனை, ஆய்வகத்தை விட்டு முதன்முறையாகப் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“வேகத்தைக் கூட்டட்டுமா, மேடம்?” என்றார் ஆபரேட்டர்.

“வேண்டாம்ணா. பதறாமப் போனாத்தான் மேல்பாறை சரியாது.”

திடீரென்று துளைமுனை பூட்டிய குழாய் வெற்றிடத்துக்குள் இறங்கியது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவள் சுத்தியலால் குழாயைத் தட்டினாள். கீழிருந்து பதிலுக்குத் தட்டும் ஓசை மிதந்து வந்தது.

“மேடம், உசிரோடதான் இருக்காங்க!”

இடிந்த சுரங்கத்தில் தொழிலாளர்களோடு அவள் கணவனும் சிக்கியிருந்தான். குழாயின் மேல்வாயைத் திறந்து குனிந்தாள்.

“ஏங்க, காத்து வருதா?”

கனவில் கேட்பதுபோல் தேய்ந்த குரல் வந்தது.

“வருது. நீ சாப்பிட்டியா?”